சாட்ஜிபிடி பெயர் சொன்னால் கருவாடு விக்குமா?

கொஞ்சக் காலமாக ஒரு புது வகை விளம்பரம் பேஸ்புக்கில ஓடித் திரியுது. "உங்கள் தொழிலின் பெயரைச் சாட்ஜிபிடி சொல்ல வேண்டுமா? கூகிளின் ஏஐ பதிலில் நீங்கள் வர வேண்டுமா?" மாசக் கட்டணம், சில மாத ஒப்பந்தம், மாச முடிவில் வண்ண வண்ண வரைபடத்தோட ஒரு ரிப்போர்ட். கொழும்பு ஹோட்டல்களுக்குச் சொல்லுற இந்தக் கதை, கரையோரத்தில கருவாடு பொதி செய்து விக்கிற ஆட்களிட்ட வந்து சேரக் கன காலம் எடுக்காது. எஸ்ஈஓ என்ற பழைய பண்டத்துக்கு ஜிஈஓ, ஏஈஓ என்று புதுப் பெயர் வந்திருக்கிறது. விக்கிறவர்களில் எங்கட வயசுப் பெடியள், பெட்டையளும் இருக்கினம். வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் வீட்டில இருந்து டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை செய்து குடும்பம் பார்க்கிற ஆட்கள். அவர்களை நக்கலடிக்க இதை எழுதவில்லை.

எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போட்ட காசு திரும்பி வந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விக்கிறவர் முதலே சொல்லாவிட்டால், அந்தப் பக்கேஜை வாங்க வேண்டாம். அவர் காட்டுகிற "தெரிவு மதிப்பெண்" அதற்குப் பதில் ஆகாது. சின்ன ஊரில சின்ன வியாபாரம் செய்கிறவருக்கு அந்தப் பதில் கொப்பியிலயும் பேனையிலயும்தான் கிடைக்கும்.

விஷயம் புதுசாகக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: முந்தி கூகிளில் தேடினால் இணைப்புகள் வரிசையாக வரும், ஒன்றைக் கிளிக் பண்ணி உள்ளே போவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகிள் தன்ர தேடல் பக்கத்தின் தலையிலேயே ஏஐ எழுதிய சுருக்கத்தைப் போடத் தொடங்கியது. அதே வருசம் ஒக்ரோபர் கடைசியில் சாட்ஜிபிடியும் இணையத்தில் தேடிப் பதில் சொல்லத் தொடங்கியது. பெர்ப்ளெக்சிட்டி அதற்கு முந்தியே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. (பெர்ப்ளெக்சிட்டியின் தலைவர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னையில் படித்தவர், கூகிளின் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். உலகத்துக்குப் பதில் சொல்லுற இரண்டு எஞ்சினுக்குத் தமிழ் ஆட்கள் தலைவராக இருந்தும், தமிழில கேட்டால் பதில் இன்னும் நொண்டுது. அது வேறு கதை.) இந்த எஞ்சின்கள் பதில் எழுதும்போது எங்கட பக்கத்தை எடுத்து, எங்கட பெயரைச் சொல்லும்படி எழுத்தை மாற்றி அமைப்பதுதான் ஜிஈஓ.

இந்தப் பெயருக்கு ஒரு பிறப்பிடம் இருக்கிறது. 2023 நவம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தில் புள்ளிவிபரம், மேற்கோள், மூலம் காட்டுதல் ஆகியவற்றைச் சேர்த்தால் ஏஐ பதிலுக்குள் அந்தப் பக்கத்தின் இடம் 40 வீதம் வரை கூடலாம் என்று அதில் காட்டினார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிற பழைய எஸ்ஈஓ தந்திரம் பெரிதாக உதவவில்லை என்றும் கண்டார்கள். விளம்பரங்களில் அந்த 40 வீதத்தைக் காணலாம். அது எதன் 40 வீதம் என்பதைக் காண முடியாது. அவர்கள் அளந்தது, பதிலில் உங்கள் பக்கத்துக்கு எத்தனை சொல் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு மேலே வந்தது என்பதை. ஒரு பொருள்கூட அங்கே விற்கப்படவில்லை. ஆய்வாளர்களில் குறை இல்லை, அவர்கள் தங்கட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினார்கள். சந்தைதான் அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்து "வருமானம்" என்ற லேபிளை ஒட்டினது.

முந்தின கணக்குப் புத்தகம் கிழிந்து போனதுதான் இந்த லேபிள் ஒட்டலுக்கு வழி விட்டது. இணைய விளம்பரத்தின் பெருமையே எல்லாத்தையும் எண்ணலாம் என்பதுதான்: இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் கிளிக் பண்ணினார்கள், இத்தனை பேர் வாங்கினார்கள். ஏஐ பதில் அந்த நடுப்படியைத் தின்றுவிட்டது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் 900 பேர் இணையத்தில் என்ன செய்தார்கள் என்பதை அவர்களின் சம்மதத்தோடு பார்த்தது. ஏஐ சுருக்கம் வராத தேடல்களில் நூற்றுக்கு 15 தரம் ஏதாவது ஒரு இணைப்பைக் கிளிக் பண்ணியிருந்தார்கள். சுருக்கம் வந்த தேடல்களில் அது 8 ஆகக் குறைந்தது. சுருக்கத்துக்கு உள்ளேயே இருந்த மூல இணைப்பைக் கிளிக் பண்ணியது நூற்றுக்கு 1 தரம்.

அந்த ஒன்றைத்தான் உங்கள் இணையத்தளத்தின் கணக்கு மென்பொருள் காணும். அதையும் ஒழுங்காகக் காணாது. சாட்ஜிபிடி தான் அனுப்பும் இணைப்பின் வாலில் ஒரு அடையாளத்தை ஒட்டிவிடுவதால் அதை ஓரளவு பிடிக்கலாம். கூகிள் 2025 இல் தன்ர சேர்ச் கொன்சோலில் ஏஐ சுருக்கத்தால் வந்த கிளிக்கைத் தனியாகக் காட்டாமல் மொத்தக் கணக்குக்குள் போட்டுக் குழைத்துத்தான் தந்தது. பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து உங்கள் பெயரை நேரே தட்டி வருகிறவர் "நேரடி வருகை" என்று பதிவாவார். பதிலில் இருந்த தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் கதைக்கிறவர் எந்தக் கணக்கிலும் இல்லை. எங்கட ஊர்களில் வியாபாரம் நடக்கிறது இந்தக் கடைசி வழியால்தான்.

ஆகவே "கணக்குக் குறைத்துக் காட்டுது, உண்மையான பலன் இதைவிடக் கூட" என்று விக்கிறவர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தெரியாத தொகை எல்லாம் தன்ர பக்கத்துத் தொகைதான் என்று அவர் எடுத்துக்கொள்ள ஏலாது.

இதற்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஒரு எண்ணைப் பார்ப்போம். ஏஹெச்ரெஃப்ஸ் என்ற எஸ்ஈஓ மென்பொருள் நிறுவனம் 2025 ஜூனில் தன்ர சொந்தக் கணக்கை வெளியிட்டது. அவர்களின் தளத்துக்கு வந்தவர்களில் ஏஐ தேடலால் வந்தவர்கள் 0.5 வீதம்தான், ஆனால் புதிதாகப் பதிவு செய்தவர்களில் அவர்கள் 12.1 வீதம். கேட்க நல்லாத்தான் இருக்குது. ஆனால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் யார்? பகல் முழுக்கக் கணினிக்கு முன்னால இருந்து ஏஐயோட கதைக்கிற மார்க்கெட்டிங் ஆட்கள். ஏஐயிலே தெரிவதை அளக்கும் கருவியை விற்பதும் அதே நிறுவனம். அந்த எண் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கட்டும். நெத்தலிக் கருவாட்டுக்கு அதை மொழிபெயர்க்க முடியாது.

இன்னொரு பழைய கதை எங்களுக்கு இதைவிடப் பிரயோசனமானது. 2012 மார்ச்சில் ஈபே நிறுவனம் ஒரு சோதனை செய்தது. யாராவது "ஈபே" என்ற சொல்லையே தேடும்போது மேலே வரும் கட்டண விளம்பரத்தை யாகூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரக் கணக்கின்படி அந்தக் கிளிக்குகள் பெரிய வருமானம் தந்துகொண்டிருந்தன. நிறுத்தின பிறகு, இழந்த கிளிக்குகளில் 99.5 வீதம் கீழே இருந்த இலவச இணைப்பால அப்படியே உள்ளே வந்தது. காசு போனது வருகிற ஆட்களுக்கே. பொதுவான சொற்களுக்குக் கொடுத்த விளம்பரங்களைச் சில பிரதேசங்களில் மட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களிடம் மாற்றம் இல்லை. ஈபேயைப் பெரிதாகத் தெரியாத புது ஆட்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. பிளேக், நொஸ்கோ, ரடெலிஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015 இல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

எங்கட ஊர்ப் பாசையில சொன்னால், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போற சனத்துக்குக் கோயில் வாசலில நின்று நோட்டீஸ் குடுத்துப்போட்டு, "என்ர நோட்டீஸால இவ்வளவு சனம் வந்தது" எண்டு கோயில் சபையிட்ட காசு கேட்கிற மாதிரி. நோட்டீஸ் வாங்கின ஆட்களை எண்ணினால் கணக்குச் சரியாத்தான் வரும். நோட்டீஸ் குடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பினம் என்பதுதான் கேள்வி. மார்க்கெட்டிங்கில் திரும்பிவரும் காசைக் கணக்குப் பார்ப்பது என்றால், எந்தக் கருவியைப் பாவித்தாலும், கடைசியில் இந்த ஒரு கேள்விதான்.

இதைக் கொக்கிளாயில் வைத்துப் பார்ப்போம். முல்லைத்தீவிலிருந்து தெற்கே நாயாறு, கொக்குத்தொடுவாய் தாண்டி, மாவட்டத்தின் கடைசி முனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, களப்பின் வாய்க்கு அங்கால திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை. களப்பு 1951 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1984 இல் இடம்பெயர்ந்த சனம் போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. மீன், இறால், கருவாடு என்று சீவியம்.

அங்கே ஒரு அக்கா கருவாடு பொதி செய்து விக்கிறா என்று கற்பனை செய்வோம். பேஸ்புக்கில ஒரு பக்கம், ஒரு சின்ன இணையத்தளம், ஒரு வாட்ஸ்அப் இலக்கம். கொழும்புக்கும் வவுனியாவுக்கும் பார்சல் போகுது, கனடாவில இருந்து லீவுக்கு வாற ஆட்கள் மொத்தமாக எடுப்பினம். மாசம் சராசரி 10 ஓடர், ஓடருக்கு 2 கிலோ, எல்லாச் செலவும் போக கிலோவுக்கு 400 ரூபாய் மிஞ்சுது என்று வைப்போம். ஜிஈஓ பக்கேஜ் மாசம் 25,000 ரூபாய். அந்தக் காசு திரும்பி வரவே அவா மாசம் 63 கிலோ கூட விக்கவேணும். அதாவது இன்னும் 31, 32 ஓடர். இப்ப இருக்கிற வியாபாரம் நாலு மடங்கு ஆகினால்தான் கை நட்டமில்லை. இந்தப் பெருக்கல் கழித்தலைச் செய்ய எந்த ஏஐயும் தேவையில்லை. விக்க வாறவர் இதைச் செய்து காட்டமாட்டார், அக்காதான் போட்டுப் பார்க்கவேணும்.

சரி, பக்கேஜ் மலிவு, 5,000 ரூபாய்தான் என்று வைப்போம். மாசி மாசம் தொடங்கினா. சித்திரையில ஓடர் 10 இல் இருந்து 18 ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் பச்சை அம்புக்குறி மேலே போகுது. வென்றாச்சா?

கடலைப் பார்க்கவேணும். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும், மழைக்குக் கருவாடு காயாது. பங்குனி, சித்திரையில் கடல் அடங்க, கரைவலை இறங்கும், வாடிகள் நிறையும், வெய்யில் எறிக்கும். கருவாடு கையில இருக்கிற காலம் அது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நாடெங்கும் இருந்து சனம் வரும். யூலை, ஓகஸ்டில் வெளிநாட்டுப் பள்ளிக்கூட லீவு. மாசியில தொடங்கின எந்தப் பக்கேஜும் ஆவணி வரைக்கும் வெற்றிதான். ஐப்பசியில தொடங்கினது எதுவும் தோல்விதான். சாட்ஜிபிடி வாயே திறக்காமல் இருந்தாலும் வரைபடம் இப்படித்தான் இருக்கும். ஆகவே அக்கா ஒப்பிடவேண்டியது போன சித்திரையோட, போன மாசியோட இல்லை. அதற்குப் போன சித்திரையில் எத்தனை ஓடர் வந்தது என்று எழுதி வைத்திருக்கவேணும். ஏஐ பற்றி யோசிக்க முன்னமே தொடங்கவேண்டிய வேலை அது.

இன்னொரு சங்கடம், எண்ணிக்கை சின்னது. சராசரியாக மாசம் 10 வாற இடத்தில், ஒன்றும் செய்யாமலே ஒரு மாசம் 7 வரும், இன்னொரு மாசம் 13 வரும். 16 வந்தால்கூட அதிர்ஷ்டமாக இருக்க இடமிருக்கிறது. மாசம் பத்தாயிரம் ஓடர் எடுக்கிற கடைக்கு 5 வீத மாற்றம் தெளிவாகத் தெரியும். பத்து ஓடர்க் கடைக்கு வியாபாரம் இரட்டிப்பானால்தான் ஏதோ நடந்திருக்கு என்று நம்பலாம். பெரிய நிறுவனங்களுக்குச் செய்த ரிப்போர்ட் வடிவத்தை அப்படியே சின்னக் கடைக்குக் கொண்டுவந்து "இந்த மாதம் 20 வீத வளர்ச்சி" என்று போடுவதில் எங்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். 20 வீதம் என்றால் இரண்டு ஓடர். ஒரு கலியாண வீட்டுக்காரர் கூட வாங்கியிருப்பினம்.

அப்ப என்னதான் செய்யலாம்? ஈபே செய்த மாதிரி நிறுத்திப் பார்க்க முடியாது. விளம்பரத்தை ஒரு பொத்தானில் நிறுத்தலாம், எஞ்சின் ஒருதரம் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டால் அதை மறக்கச் சொல்லி அக்கா சொல்ல ஏலாது. ஆனால் பாதியை விட்டுவிடலாம். நெத்தலிக் கருவாட்டின் பக்கத்தை மட்டும் திருத்துங்கோ: எந்தக் கரையில் பிடிபட்டது, எப்படிக் காய்ந்தது, உப்பு எவ்வளவு, எத்தனை நாள் வைத்திருக்கலாம், விலை, அனுப்பும் செலவு எல்லாம் தெளிவாக. காய்ந்த இறாலின் பக்கத்தைப் பழையபடியே விடுங்கோ. கடலும் பொங்கலும் லீவும் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தூக்கும், இறக்கும். நெத்தலி மட்டும் இறாலை விட்டு மேலே போனால், அந்த இடைவெளியைத் திருத்தத்தின் பலன் என்று ஓரளவு சொல்லலாம். ஒரு வருசமாவது பார்க்கவேணும். நெத்தலி அந்த வருசம் அள்ளுப்பட்டு வந்தால் அதையும் கொப்பியில குறிக்கவேணும்.

மற்றது, கேட்பது. ஓடர் தாற ஒவ்வொருவரிடமும், ஒருத்தரையும் விடாமல், ஒரே வசனத்தில்: "எங்களை எப்பிடி அறிஞ்சனீங்கள்?" அவ்வளவுதான். "சாட்ஜிபிடியில பாத்தோ?" என்று வாயில ஊட்டக்கூடாது, சனம் மரியாதைக்கு ஓம் சொல்லும். சொன்ன சொல்லை அப்படியே எழுதவேணும். மறதியும் மழுப்பலும் இருக்கும்தான். ஆனாலும் மாமியிட்டக் கேட்டு வந்தவரையும் கூகிளில் பார்த்து வந்தவரையும் பிரித்துக் காட்ட, வாட்ஸ்அப் வியாபாரத்தில் வேறு வழி இல்லை. இதற்குப் போகும் நேரம் ஓடருக்குப் பத்துச் செக்கன்.

ரிப்போர்ட்டில் வாற ஸ்கிரீன்ஷொட் பற்றியும் ஒரு வார்த்தை. "பாருங்கோ, சாட்ஜிபிடி உங்களை இரண்டாவதாகச் சொல்லுது" என்று ஒரு படம் வரும். ரான்ட் ஃபிஷ்கினின் ஸ்பார்க்டோரோ 2026 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். அதே நிறுவனங்கள் அடங்கிய அதே பட்டியல் இரண்டாம் தரமும் வரும் சாத்தியம் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. அப்படியிருக்க "இரண்டாம் இடம்" என்று ஒரு இடமே கிடையாது. ஐம்பது தரம் கேட்டு அதில் எத்தனை தரம் பெயர் வந்தது என்று எண்ணினால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. எங்கட ஊருக்கு இன்னும் சிக்கல்: ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டும் இரண்டு 'கே' போட்டும் கொக்கிளாயை எழுதுவினம். தமிழில் ஒரு பதில், ஆங்கிலத்தில் இன்னொன்று, சிங்களத்தில் வேறொன்று. கனடாவில் பிறந்த பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கும், தாய் தமிழில் கேட்பா. எந்த மொழியில், எந்த எழுத்தில், எத்தனை தரம் கேட்டது என்று எழுதாத ஸ்கிரீன்ஷொட் வெறும் படம்.

"நீங்கள் சொல்லுற மாதிரி அளந்துகொண்டிருந்தால் வண்டி போயிடும். இப்ப முந்துறவைதான் பிறகு நிலைப்பினம்" என்று இந்த வேலை செய்கிற நண்பர்கள் சொல்லுவினம். இருக்கலாம். ஈபே சோதனையிலும் பெயர் தெரியாதவர்களிடம்தான் பலன் தெரிந்தது, கொக்கிளாய் அக்காவின் கடையும் பெயர் தெரியாத கடைதான். ஆனால் முந்துவதற்குத் தேவையானதில் பெரும்பங்கு இலவசம். ஏஐ பதிலில் வருவதற்கென்று தனியான விசேட வேலை எதுவும் தேவையில்லை, வழமையான நல்ல பக்கம் போதும் என்று கூகிளே தன்ர வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. விலையைப் படத்துக்குள்ள எழுதாமல் எழுத்தாக எழுதுவது, இலக்கமும் இடமும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பது, கூகிள் மப்பில் கடையைப் பதிவது, இதெல்லாம் ஒரு பின்னேர வேலை. காசு கேட்பது இதற்கு மேலே உள்ளதற்கு. அந்த மேலே உள்ளதைத்தான் அளக்கச் சொல்லுகிறோம்.

அளக்கவே முடியாத ஒரு பங்கும் இதில் இருக்கிறது.

எஞ்சின் காற்றில் இருந்து பதில் சொல்வதில்லை. எங்கேயோ எழுதப்பட்டிருக்கவேணும். ஏஐ பயிற்சிக்கு அதிகம் பாவிக்கப்படும் கொமன் குரோல் என்ற இணையச் சேகரிப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு ஆங்கிலம். தமிழ் 0.1 வீதம்கூட இல்லை. அதற்குள் வன்னி எவ்வளவு, வன்னிக்குள் கொக்கிளாய் எவ்வளவு? எங்கட ஊர்களைப் பற்றி எழுதினது கனக்க நூலகம் தளத்தில் இருக்கிறது, 2005 இலிருந்து அவர்கள் செய்யும் வேலை பெரியது. ஆனால் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் படமாக வருடின பக்கங்கள். கண் வாசிக்கும், எஞ்சினுக்குச் சிரமம்.

ஆகவே அக்கா தன்ர பக்கத்தில் எந்த மாசம் எந்த மீன், களப்பு இறாலுக்கும் கடல் இறாலுக்கும் என்ன வித்தியாசம், வலசைப் பறவை எந்த மாசம் வரும் என்று எழுதினால், அதை எஞ்சின் எடுத்துப் பக்கத்து வாடிக்காரருக்கும் படகு ஓட்டுகிற தம்பிக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லும். வேலை அவாவினுடையது, பலன் ஊருக்கு. அவாவின் கொப்பியில் அது ஒரு ரூபாயாகவும் விழாது. தனியாள் கணக்கில் பார்த்தால் நட்டம், ஊர்க் கணக்கில் லாபம். இப்படியான வேலைக்குத் தனியாள் காசு கட்டுவதைவிட மீனவர் கூட்டுறவுச் சங்கமோ பிரதேச சபையோ செலவழிப்பது நியாயம் என்பது எங்கட அபிப்பிராயம். ஒரு ஊருக்கு ஒரு ஒழுங்கான பக்கம், மூன்று மொழியில, வருசத்துக்கு இரண்டு தரம் திருத்தம். மாசக் கட்டணப் பக்கேஜ் பத்தை விட இது மலிவு.

ஆனால் ஊர்ப் பக்கத்தை யார் எழுதுவது என்ற கேள்வி உடனே வரும். கொக்கிளாயைப் பற்றி யாராவது கேட்டால் என்ன பதில் வரவேணும்? பறவை மட்டுமா? புல்மோட்டைக் கனிய மணல் அகழ்வு இந்தப் பக்கம் நீளுவதைச் சனம் எதிர்த்து நின்றது வருமா? 2023 ஜூனில் பக்கத்து ஊர் கொக்குத்தொடுவாயில் தண்ணிக்குழாய் தாக்க வெட்டின இடத்தில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டதும், 2024 யூலையில் அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்ததும் வருமா? சுற்றுலாவுக்குக் காசு போடுகிற ஒரு பெரிய கொம்பனி நல்ல ஜிஈஓ ஆட்களைப் பிடித்து, இருநூறு பக்கம் எழுதி, அழகான களப்பும் சூரிய உதயமும் மட்டும் பதிலில் வரும்படி செய்யலாம். அன்றைய ரிப்போர்ட்டில் தெரிவு மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கும். பதிலில் இருந்து விழுந்து போனது என்ன என்று காட்ட அந்த ரிப்போர்ட்டில் ஒரு கட்டமும் இல்லை.

இதனால்தான் எஞ்சினுக்கு எழுதுகிற வேலையை விட்டுவிடுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதுங்கோ, கனக்க எழுதுங்கோ. இந்த வேலையை விக்கிற எங்கட நண்பர்களிடமும் கேட்கிறோம்: ஒப்பந்தத்தில் "தெரிவு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில், எந்தக் கேள்வியை எந்த மொழியில் எத்தனை தரம் கேட்டு அளப்பீர்கள் என்று எழுதுங்கோ. ஓடரைப் போன வருசத்து அதே மாசத்தோட ஒப்பிடுவோம் என்று எழுதுங்கோ. ஒரு பொருளைத் தொடாமல் விட்டு வைப்போம் என்று எழுதுங்கோ. கூடினதற்குப் பங்கு, கூடாவிட்டால் கட்டணத்தில் குறைப்பு என்று எழுதத் துணிவு இருக்கிறவர் பக்கேஜை நாங்களே நாலு பேருக்குச் சொல்லுவோம்.

கொப்பி வைத்துக் கணக்கு எழுதுகிற ஆட்கள், கருவாடோ பனங்கட்டியோ தையலோ படகுச் சவாரியோ, ஒரு சோளகமும் ஒரு வாடையும் முடிந்த பிறகு எங்களுக்கு அனுப்புங்கோ. கடைப் பெயரை மறைத்து, மாசத்துக்கு எத்தனை ஓடர், "எப்பிடி அறிஞ்சனீங்கள்" என்ற கேள்விக்கு வந்த பதில்கள், கட்டின காசு என்று மூன்று நிரலாகக் கூட்டிப் பார்த்து இங்கே போடுவோம். கையெழுத்து விளங்காவிட்டால் போன் எடுப்போம்.